படுகளத்தில் யார் எழும்புவது?

உஷ்! கதவை மெதுவாகத் தள்ளுங்கள், கீல் கத்தும். உள்ளே கண்டியின் கடைசி அரசர் மாலு பணிஸ் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

மீசைப் பசை இன்னும் காயவில்லை. மேலுதடு அசைந்தால் மீசை தேத்தண்ணிக்குள் விழுந்துவிடும் என்பதால் மகாராசா முயல் மாதிரி முன்பல்லால் கொறிக்கிறார். அவருடைய ராச்சியத்தையே வெள்ளைக்காரன் கையில் தூக்கிக் கொடுக்கப்போகிற எஹலபொல மகா அதிகாரம், பக்கத்தில் குந்தியிருந்து அரசருடைய பிளேன்டிக்குச் சீனி கலக்குகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் தலை வெட்டுப்படப்போகிற மத்தும பண்டாரவுக்கு வயது ஒன்பது. வெட்டுப்படுவதற்கு முன்னால் கணக்கு ஹோம்வேர்க்கை முடித்துவிட வேண்டும் என்பது அவனுடைய நிஜ அம்மாவின் உத்தரவு. பாயில் குப்புறப் படுத்துப் பின்னம் கூட்டுகிறான். அவனுடைய அண்ணன், நாடகத்திலும் அண்ணன்தான், சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருக்கிறான். கோபம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

இடம் ஹுன்னஸ்கிரியவுக்கு மேலே ஒரு தோட்டத்து மண்டபம். மண்டபம் என்றால் நாலு சுவர், தகரக் கூரை, அரையடி உயரத்துக்கு ஒரு மேடை. சாயந்தரம் நாலு மணி ஆனால் நக்கிள்ஸ் மலைப் பக்கத்திலிருந்து மூடுபனி இறங்கி, ஜன்னல் வழியாக உள்ளே வந்து, டிக்கெட் எடுத்த ஆள் மாதிரி மேடையில் உட்கார்ந்துகொள்ளும். கொழும்பில் புகை வரவழைக்க மெஷினை வாடகைக்கு எடுப்பார்கள். எங்களுக்கு ஓசி. ஒரே கஷ்டம், எந்தக் காட்சிக்கு வர வேண்டும் என்று பனிக்குச் சொல்லிக் கொடுக்க முடியவில்லை. போன கிழமை அரசவை நடனத்தின்போது வந்து ஆறு நடனக்காரிகளையும் விழுங்கிவிட்டது. சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. (நன்றாகத்தான் இருந்தது.)

நான் யார்? இந்த நாடகத்தை எழுதுகிறவன். ஆனால் இன்றைக்கு என்னை யாரிடமும் காட்டிக் கொடுத்துவிடாதீர்கள். கடைசிப் பத்து நிமிஷத்தை நான் இன்னும் எழுதவில்லை.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1798ல் பதினெட்டு வயதுக் கண்ணுசாமியை, பிலிமத்தலாவ என்ற பெரிய அதிகாரம் சிம்மாசனத்தில் தூக்கி வைத்தார். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பெயரானது. பொம்மை ராசா என்று நினைத்து வைத்த பொம்மை, பின்னால் பிலிமத்தலாவவின் தலையையே எடுத்தது. அடுத்து அந்தப் பதவிக்கு வந்தவர் எஹலபொல. சப்ரகமுவவுக்குப் போனார், கலகம் செய்தார், 1814ல் கொழும்புக்கு ஓடி வெள்ளைக்காரனிடம் அடைக்கலம் புகுந்தார். ஓடியவரின் மனைவி மக்கள் கண்டியில் இருந்தார்கள். அரசன் கைக்கு எட்டிய தூரத்தில்.

அதற்குப் பிறகு நடந்ததை மலைநாட்டில் சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் பள்ளிக்கூடத்திலேயே கேட்டுவிடும். மூத்த மகன் பயந்து தாயின் சேலைக்குள் ஒளிந்துகொண்டான். இளையவன் மத்தும பண்டார, அண்ணா பயப்படாதே, எப்படிச் சாவது என்று நான் காட்டுகிறேன் என்று முன்னால் வந்து கழுத்தை நீட்டினான். தாய் குமாரிஹாமியைக் கொண்டுபோய் பொகம்பறைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். அதற்கு முன்னால் வெட்டிய பிள்ளைகளின் தலைகளை உரலில் இடிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதையும் உண்டு. 1821ல் அச்சான ஜோன் டேவியின் நூலில் அது எழுதப்பட்டிருக்கிறது. நடந்ததா, எதிரிகள் கூட்டிச் சொன்னதா என்று சரித்திரக்காரர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். நாடகக்காரனுக்கு அந்த வழக்கில் ஒரு சின்ன வசதி இருக்கிறது. உரலைக் காட்டத் தேவையில்லை, சத்தத்தைக் கேட்க வைத்தால் போதும்.

அந்தச் சத்தத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு தொழில் ரகசியம் சொல்லியே ஆக வேண்டும், வயிற்றுக்குள் வைத்திருக்க முடியவில்லை. மூன்று உரல் பார்த்தோம். கல்லுரல் சரிவரவில்லை, டொக் டொக் என்று தச்சுப் பட்டறை மாதிரி இருந்தது. வெறும் மர உரல் கோயில் மணி மாதிரி ரீங்காரம் போட்டது. கடைசியில் பலா மரத்து உரலில் ஊறவைத்த பச்சரிசியைப் போட்டு இடித்தோம். ஐயோ! சத்தம் ஒரு முழு வார்த்தைக்குப் பாதியில் நின்றுவிட்டது மாதிரி. மேடை காலி. திரைக்குப் பின்னால் உலக்கை. முதல் நாள் ஒத்திகையில் வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு தாய், இடுப்பில் இருந்த குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு வெளியே போய்விட்டாள். எனக்குக் கூச்சமும் சந்தோஷமும் ஒரே நேரத்தில் வந்தன. ஒத்திகை முடிந்ததும் அந்த மாவைச் சலித்துக் கொழுக்கட்டை அவித்தார்கள். பாவம் பழி பார்க்காமல் சாப்பிட்டோம். நான் மூன்று.

இரத்தத்துக்கு பீட்ரூட் சாறும் கோதுமைமாக் கஞ்சியும் கொஞ்சம் குங்குமமும். கஞ்சி கட்டியாகிவிட்டால் இரத்தம் பாயாசம் மாதிரி தெரியும். ஆகவே கடைசி நிமிஷத்தில்தான் கலக்க வேண்டும். அரிதாரம் பூசுகிறவர் கொழுந்து லொறி ஓட்டுகிறவர், ஹோர்ன் அடித்துக் கூப்பிட்டால்தான் வருவார்.

இப்படி நடுவில் எல்லாம் பிரமாதம். முடிவு மட்டும் இல்லை.

பழிவாங்கும் நாடகம் எழுதுகிற எல்லோரும் ஒரே பள்ளத்தில்தான் விழுகிறார்கள். முதல் அங்கத்தில் ஒரு கொடுமை நடந்துவிட்டால் ஜனம் கடைசி அங்கத்துக்காகக் காத்திருக்கும். பழி தீர்க்காமல் அனுப்பினால் திட்டும். தீர்த்து அனுப்பினாலும் கதவு வரைக்கும் போய்த் திரும்பிப் பார்க்கும், இவ்வளவுதானா என்று. இந்தத் திரும்பிப் பார்ப்பதைச் சமாளிப்பதற்குத்தான் அந்தப் பத்து நிமிஷம்.

முதல் முடிவை நான் ஒரே இரவில் எழுதினேன். சுகமாக வந்தது, சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

1815 பெப்ரவரி 14ஆம் திகதி ஆங்கிலேயப் படை கண்டிக்குள் புகுந்தது. அரசன் தும்பறைப் பக்கம் ஓடிவிட்டான். நாலு நாள் கழித்து, 18ஆம் திகதி, மெதமகாநுவரவுக்குப் பக்கத்தில் போமுறே என்ற ஊரில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்தவனைப் பிடித்தார்கள். எங்கள் மண்டபத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொன்னால் கொஞ்சம் மிகை. கண்டி போகிற பஸ்ஸில் ஏறி மலை இறங்கினால் வந்துவிடும். இந்தச் சரித்திரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்தது என்பதே முதலில் எனக்குத் தலைகால் புரியாத குஷி. எழுதினேன்: போமுறே வீட்டுச் சுவர் இடிகிறது, கட்டப்பட்ட அரசன், வாளோடு நுழைகிறார் எஹலபொல, ஒன்றரைப் பக்க வசனம். எஹலபொலவாக நடிப்பவர் பஸ் கண்டக்டர், குரலுக்குக் கேட்கவா வேண்டும். அவர் வாசித்தபோது தகரக் கூரை அதிர்ந்தது.

மீசைக்காரர், அதாவது அரசர், பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் சமயமும் படிப்பிக்கிறவர். பணிஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “சார், ஒண்ணு சொல்லலாமா? எஹலபொல அங்க இல்லீங்களே.”

இல்லைதான். பிடித்தது ஏக்னெலிகொட என்ற சப்ரகமுவப் பிரதானியின் ஆட்கள். கொடியால் கட்டி இழுத்தார்கள், எச்சில் உமிழ்ந்து ஏசினார்கள். ராணிமாரின் காதிலிருந்த நகையைப் பிடுங்கியதில் காது கிழிந்தது. அந்த இரத்தம் பட்ட ரவிக்கை இன்றைக்கும் கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. கூட வந்த மொழிபெயர்ப்பாளர் டயஸ் பண்டாரநாயக்க தலையிட்டுக் காப்பாற்றாவிட்டால் அரசனுடைய கதை அந்த மண்ணிலேயே முடிந்திருக்கும். அவர் எழுதி வைத்ததால்தான் நமக்கு இதெல்லாம் தெரியும்.

நாடகக்காரன் பொய் சொல்லலாம். அதற்குத்தான் எங்களுக்குக் கைதட்டுகிறார்கள். ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அரசரும் கண்டக்டரும் மகியங்கனைப் பக்கமிருந்து வந்த பஸ்ஸில் தொங்கிக்கொண்டு மெதமகாநுவரவுக்குப் போனோம். போமுறேயில் அரசன் பிடிபட்ட இடத்தில் ஒரு நினைவுக்கல் நிற்கிறது. சுற்றிலும் மிளகுக்கொடி, கோப்பி, யாரோ வீட்டு நாய். அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று கண்டக்டர் என் ஒன்றரைப் பக்க வசனத்தையும் பேசிப் பார்த்தார். நாய் குரைத்தது. பேசி முடித்ததும் அவரே, “சரிப்பட்டு வரல்ல, இல்லீங்களா?” என்றார். அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எதிரியின் கண்ணைப் பார்த்துப் பேசிவிட்டால் பழிவாங்குகிறவனுக்கு வயிறு குளிர்ந்துவிடும். எஹலபொலவுக்கு அந்தக் குளிர்ச்சி கிடைக்கவேயில்லை. அவருடைய பழியை வேறொருவன் தீர்த்துவிட்டான், பலனை இன்னொருவன் எடுத்துக்கொண்டான். அதை நான் வசனத்தால் மெழுகிவிடப் பார்த்தேன்.

திரும்புவதற்கு முன்னால் இன்னும் கொஞ்சம் கீழே, தெல்தெனிய வரைக்கும் போனோம், கொத்து ரொட்டிக்காக. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கு அடியில் கிடக்கிறது. கடும் வறட்சியில் தண்ணீர் வற்றினால் சுவர்கள் தலை காட்டும், ஜனம் படம் பிடிக்க ஓடும். தோமஸ் கிட் என்ற ஆங்கிலேயன் 1580களில் எழுதிய ஸ்பானியச் சோக நாடகத்தில், செத்தவனின் ஆவி முதல் காட்சியிலேயே வந்து உட்கார்ந்து கடைசி வரைக்கும் நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனக்குத் தெல்தெனியதான் அந்த ஆவி. கிட்டின் முடிவு என்ன தெரியுமா? மகனை இழந்த ஹியரோனிமோ, நாடகத்துக்குள் ஒரு நாடகம் போட்டு, நடிப்பு என்று சபை நம்பிக்கொண்டிருக்கும்போதே நிஜமாகக் கொன்றுவிட்டு, பிறகு தன் நாக்கைத் தானே கடித்துத் துப்பிவிடுகிறான். பேசுவதற்கு எதுவும் மிச்சமில்லை என்பதை இதைவிடப் பச்சையாகக் காட்ட முடியாது. கொத்து ரொட்டிக் கடையில் இதை நான் விவரித்தபோது பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறு மேசைக்குப் போனார்.

இரண்டாவது முடிவு, 1815 மார்ச் 2, கண்டி மகுல் மடுவ. பிரதானிகள் வரிசையாக வந்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வைக்கிறார்கள். அதில் சிலர் தமிழ் எழுத்தில் வைத்தார்கள் என்பது நம் ஆட்களுக்கு எப்போது சொன்னாலும் ஒரு கிளுகிளுப்பு. பின்னால் நின்று கயிறு இழுத்தவர் ஜோன் டொயிலி, சிங்களம் படித்து, ஒற்றர் வைத்து, வருஷக்கணக்காகப் பிரதானிகளின் மனத்தைக் கரைத்தவர். மேடை நிர்வாகி என்றால் அவர்தான். கிரீடம் தனக்கு வரும் என்று காத்திருந்த எஹலபொலவுக்குக் கிடைத்தது ‘பிரித்தானிய அரசின் நண்பர்’ என்ற பெயர். காட்சியை எழுதினேன், நடித்தோம், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அங்கேதான் பிழை. பிள்ளைகளைப் பறிகொடுத்த தகப்பனைப் பார்த்துச் சபை சிரித்துக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. மேடையை இரண்டாகப் பிரித்தேன். இந்தப் பக்கம் வேலூர்க் கோட்டை, அந்தப் பக்கம் மொரீசியஸ். அரசனை 1816ல் கப்பலேற்றி வேலூருக்குக் கொண்டுபோனார்கள். எஹலபொலவை, 1818 கலகத்தில் சந்தேகப்பட்டுப் பிடித்து வைத்து, 1825ல் மொரீசியஸுக்கு அனுப்பினார்கள். பழிவாங்கியவர் 1829ல் முந்திக்கொண்டு செத்தார். பழிவாங்கப்பட்டவன் 1832 ஜனவரி 30 வரைக்கும் இருந்தான். சிம்மாசனம் 1934ல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது, ஆள் வரவில்லை. வேலூரில் பாலாற்றங்கரையில் அவனுக்கு முத்து மண்டபம் இருக்கிறது, 1990ல் தமிழ்நாட்டு அரசு கட்டியது. அப்போது முதலமைச்சர் கருணாநிதி, பொன்னர் சங்கர் கதையை நாவலாக எழுதியவர். இந்தத் தகவலுக்கும் என் நாடகத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

இரண்டு கிழவர்கள், இரண்டு நாற்காலிகள், நடுவில் கடல். நீலச்சேலை ஒன்றை ஆட்டினால் கடல். மனதுக்குள் அழகாக இருந்தது. ஒத்திகையில் ஏழாவது நிமிஷம் மத்தும பண்டார தூங்கிப்போனான். ஒன்பதாவது நிமிஷம் நீலச்சேலை ஆட்டியவரும்.

இனி என்ன, திருட வேண்டியதுதான். ஊரான் வீட்டு முடிவுகளையெல்லாம் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஹம்லெட் நம் மேடைக்குப் பம்மல் சம்பந்த முதலியாரின் கையால் அமலாதித்யனாக வந்தவன்தான். அதில் பிணங்கள் குவிந்த பிறகு, நடந்ததைச் சொல்வதற்கென்றே ஒரு நண்பனை உயிரோடு விட்டுவைக்கிறார்கள். கிரேக்கத்து எஸ்கிலஸ் கி.மு. 458லேயே ஒரு யோசனை செய்திருக்கிறான். தாயைக் கொன்ற மகனைப் பழிதேவதைகள் துரத்துகின்றன. நீதிமன்றம் கூடுகிறது, வாக்குகள் சரிசமம், அதீனா தேவியின் வாக்கால் மகன் தப்புகிறான். கோபத்தில் குதிக்கிற பழிதேவதைகளுக்கு அதே ஊரில் ஓர் இருப்பிடம் கொடுத்து, பூசையும் கொடுத்து உட்கார வைக்கிறார்கள்.

இதை வாசித்ததும் நான் கதிரையிலிருந்து எழுந்துவிட்டேன். இது நம் இளங்கோ செய்ததல்லவா! மதுரை எரிந்ததும் பழி தீர்ந்துவிட்டது. வேறொருவனாக இருந்தால் அங்கே திரையை இறக்கியிருப்பான். இளங்கோ கண்ணகியை மலைக்கு நடக்க வைக்கிறார். மூன்றாவது காண்டம் திறக்கும்போது அவள் போவதைக் கண்ட சாட்சிகள் யார்? மலைக் குறவர்கள். அரசர் இல்லை, புலவர் இல்லை, மலையில் வேலை செய்கிற சனம். பிறகு கோயில், அந்தக் கோயிலுக்கு வந்தவர்களில் இலங்கைக் கயவாகு. அப்படி வந்த பத்தினி இன்றைக்கும் கண்டியில் தலதா மாளிகைக்கு எதிரே தேவாலயத்தில் இருக்கிறாள், எசல பெரஹராவில் அவளுக்கும் ஊர்வலம். மதுரையில் மூண்ட கோபத்துக்குக் கண்டி வரைக்கும் வந்து ஒரு வீடு கிடைத்துவிட்டது. குமாரிஹாமியின் கோபம் எங்கே போய் இருக்கிறது?

பேராதனை வளாகத்தில் திறந்தவெளி அரங்கைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இன்னொரு பாடம் கைவசம் இருக்கும். சரச்சந்திர 1956ல் மனமே போட்டபோது, பழைய கதையில் வேடனிடம் வாளை வேண்டுமென்றே கொடுத்துக் கணவனைக் கொல்ல வைத்த இளவரசியை, வேண்டுமென்று கொடுத்தாளா கை தவறியதா என்று நாம் தலையைப் பிய்த்துக்கொள்ளும்படி மாற்றினார். ஒரு கை அசைவு. ஒரு வசனம்கூட அதிகமில்லை. நாடகம் முழுக்க அதனால் வேறாகிவிட்டது. அந்த நாடகத்தின் வடிவமான நாடகம என்பதே தமிழ்க் கூத்திலிருந்து கத்தோலிக்கர் வழியாகச் சிங்களத்துக்குப் போனதுதான். அந்தப் பழைய நாடகம ஆசிரியர்களில் மூத்தவரான பிலிப்பு சிங்ஞோவின் பெயரில் சொல்லப்படுவது எஹலபொல நாடகம. நாம் கொடுத்த கூத்தில் அவர்கள் இந்தக் கதையை எப்போதோ ஆடிவிட்டார்கள், நாங்கள்தான் பிந்திவிட்டோம்.

சரி, அண்ணன்காரனுடைய கோபம். அவனுக்குப் பதினொரு வயது. ஒத்திகை தொடங்கிய நாளிலிருந்து தோட்டத்துப் பிள்ளைகள் அவனைப் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடுகிறார்கள். “எனக்கு மட்டும் ஏன் சார் அழுற பார்ட்டு? தம்பிக்குக் கண்டியில சிலை இருக்கு, புக்குல படம் இருக்கு. எனக்கு என்னா இருக்கு?” நல்ல கேள்வி. வாள் ஓங்கிய இடத்தில் பதினொரு வயதுப் பிள்ளை தாயைக் கட்டிக்கொண்டது, அவ்வளவுதான் அவன் செய்தது. அதற்கு இருநூறு வருஷமாக அவனுக்குப் பெயர் கெட்டுக் கிடக்கிறது. நான் ஒரு டொபி கொடுத்துச் சமாளித்தேன். டொபியை வாங்கிக்கொண்டான், சமாதானமாகவில்லை.

எங்கள் தப்புக்காரக் குழுவுக்குத் தலைவர் ஒரு கிழவர். எல்லோருக்கும் அவர் வாத்தியார். ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாகப் பொன்னர் சங்கர் ஆட வைத்தவர். மாசி மாதம் வந்தால் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றி மதனை எரித்து, ரதியை ஒப்பாரி வைக்க விட்டு, பிறகு மதனை எழுப்புகிற வரைக்கும் நித்திரை கொள்ளாதவர். காமன் எரிந்தானா இல்லையா என்று தஞ்சாவூர்ப் பக்கம் எரிந்த கட்சி, எரியாத கட்சி பிரித்து லாவணி பாடுவார்கள் தெரியுமா? ஒரு கதையின் முடிவுக்காக விடிய விடிய வாதாட இரண்டு கட்சி வைத்திருந்த சனம் நாங்கள், என்னைப் போய் முடிவு கேட்டு வாட்டுகிறார்களே என்று நான் அவரிடம் புலம்பினேன்.

வாத்தியார் தப்பை நெருப்பில் காய்ச்சிக்கொண்டே கேட்டார்: “பொன்னர் சங்கர்ல எல்லாஞ் செத்த பொறகு என்னா நடக்கும்?”

“படுகளம்.”

“படுகளத்துல என்னா நடக்கும்?”

“தங்காள் வந்து தேடுவா. தண்ணி தெளிச்சு எழுப்புவா.”

“பொறகென்ன? அண்ணமாரு சண்டையில யாரு ஜெயிச்சாங்கன்னு எந்தத் தோட்டத்துலயாவது யாராவது கேட்டிருக்காங்களா? தங்காச்சி வந்துட்டாளான்னுதான் கேப்பாங்க. செத்தவன அப்பிடியே போட்டுட்டு வீட்டுக்குப் போனா, அவன் பின்னாலயே வருவான் தம்பி. எழுப்பிட்டுத்தான் போவணும்.”

அவ்வளவுதான் சொன்னார். தப்பைத் தட்டிப் பார்த்தார், சூடு போதவில்லை என்று மறுபடி நெருப்பில் காட்டினார்.

அந்த ராத்திரியே குழுவைக் கூட்டி விஷயத்தைச் சொன்னேன். உலக்கைச் சத்தம் நிற்கும். மேடை முழுக்கப் படுகளம். அரசன், எஹலபொல, பிள்ளைகள் இரண்டு பேர், பிலிமத்தலாவகூட. வேலூரும் மொரீசியஸும் பொகம்பறையும் ஒரே தரையில். குமாரிஹாமி தண்ணீர்ச் செம்போடு வருவாள். யாரை எழுப்புவது?

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. லாவணி தோற்றது போங்கள்! அரசர் நம்மாள், அவரைத்தான் எழுப்ப வேண்டும் என்று ஒரு கட்சி. பிள்ளையைக் கொன்றவனை எழுப்புவதா, என்ன நியாயம் என்று ஒரு கட்சி. எஹலபொலவை எழுப்பி மன்னிப்புக் கேட்க வைக்கலாம் என்றார் கண்டக்டர், கொஞ்சம் சுயநலத்தோடு. மத்தும பண்டாரதான் எழும்ப வேண்டும், சிங்கள ஆட்களும் வந்து பார்ப்பார்கள், கைதட்டு கூரையைப் பிய்க்கும் என்றார் லொறிக்காரர். அதுதான் சரி என்று எல்லோரும் அடங்கினார்கள். நானும் மத்தும பண்டார எழும்புகிறான் என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன்.

குமாரிஹாமியாக நடிப்பவர் கொழுந்தெடுக்கிறவர், இரண்டு பிள்ளைகளின் தாய். கூட்டம் முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில், “நீங்க எழுதுறத எழுதுங்க சார். தண்ணி செம்பு என் கையிலதானே இருக்கு” என்று மட்டும் சொன்னார். நான் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

அதைத்தான் இன்றைக்கு ஆடிப் பார்க்கப்போகிறோம், வாருங்கள், இந்தப் பக்கம், திரைக்கு இடது பக்கம் நின்றால் எல்லாம் தெரியும். ஹோம்வேர்க் முடிந்துவிட்டது. மீசை காய்ந்துவிட்டது. பீட்ரூட் கலந்தாகிவிட்டது. பனி, நம்ப மாட்டீர்கள், சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது.

உலக்கை விழுகிறது. ஒன்று, இரண்டு. நின்றுவிட்டது. மேடையில் பிணங்கள். தப்பு மெல்ல எழும்புகிறது. அவர் வருகிறார், தலைமுடி விரிந்து, செம்போடு. அரசரிடம் நிற்கிறார். குனிந்து முகத்தைப் பார்க்கிறார், போகிறார். எஹலபொலவிடம் வருகிறார். இங்கே அதிக நேரம். கண்டக்டருடைய இமை துடிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. செம்பு சாய்கிற மாதிரி இருந்தது, சாயவில்லை. அடுத்தது மத்தும பண்டார. எங்கள் கைகள் தட்டுவதற்குத் தயார்.

அவனைத் தாண்டிவிட்டார்.

ஐயோ, மறந்துவிட்டாரா என்று நான் கொப்பியைப் புரட்டுகிறேன். அவர் போய் மூத்தவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பயந்தாங்கொள்ளி. தண்ணீரைக் கையில் ஊற்றி அவன் முகத்தில் தெளித்தார். அவனுக்கும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நிஜமாகவே திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தான். யாரும் வசனம் எடுத்துக் கொடுக்கவில்லை. என்னிடமும் இல்லை. வாத்தியார் மட்டும் தப்பை நிறுத்தாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பையன் எழுந்தான். தம்பியிடம் போய்த் தோளைத் தட்டினான். தம்பி வழக்கம்போல் தூங்கிப்போயிருந்தான். இன்னொரு முறை தட்டினான். “எந்திரி. விடிஞ்சிருச்சு.” தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும்பியதும் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். இந்த முறை அண்ணன் முன்னால் நடந்தான். மேடையிலிருந்து இறங்கி, காலிக் கதிரைகளுக்கு நடுவால், பனிக்குள்ளால், வாசல் வரைக்கும், வாசலுக்கு வெளியேயும். தாய் செம்போடு பின்னால் போனார்.

மேடையில் மிச்சப் பிணங்கள் அப்படியே கிடந்தன. தப்பு நின்றது. தகரத்தில் பனி சொட்டியது. நான் கொப்பியில் இருந்ததை அடித்துவிட்டு எழுதிக்கொண்டிருந்தேன், யாருக்கும் எதுவும் சொல்ல வரவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“சார், முடிஞ்சிருச்சுங்களா? எங்களை யாரு எழுப்புறது?”